களிக் கடையின் பின்பக்கம்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, ஊரார் வயிற்றைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட மனிதர் இன்னொருவர் பிறந்திருக்க முடியாது. கொள்ளு வாத்தியார் யாரைப் பார்த்தாலும் "சௌக்கியமா?" என்று கேட்க மாட்டார். "காலையில வயிறு ஒழுங்காப் போச்சுங்களா?" என்றுதான் கேட்பார். தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே கேட்டார் என்று ஊரில் பேச்சு.

எழுபதுகளின் நடுவில் பெருமாட்டிப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் டீச்சராகச் சேர்ந்தபோது அவர் அங்கே சயின்ஸ் வாத்தியார். சட்டைப் பையிலும் வாயிலும் எந்நேரமும் முளைகட்டின கொள்ளு இருக்கும். சரியாகப் பதில் சொல்கிற பிள்ளைக்கு ஒரு பிடி கொடுப்பார். தப்பாகச் சொன்னால் இரண்டு பிடி, மூளைக்குச் சத்துப் போதவில்லையாம். முளைகட்டுவது ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் தொங்கும் ஈரத்துண்டில். ஒருநாள் ஹெட்மாஸ்டர் அவசரத்தில் அந்தத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு, கன்னத்தில் முளைகளோடு போய்ப் பரிசோதனைக்கு வந்த அதிகாரியை வரவேற்றார்.

சிரிக்கலாம். ஆனால் என் வகுப்பில் ஈஸ்வரி என்று ஒரு பெண் இருந்தாள். பொழுது சாய ஆரம்பித்தால் பெஞ்சில் முட்டிக்கொள்வாள். சாயங்காலம் யாராவது கையைப் பிடித்துத்தான் வீட்டுக்குக் கூட்டிப் போகவேண்டும். அவளுக்கு மாலைக்கண் என்று முதலில் கண்டுபிடித்தவர் கொள்ளு வாத்தியார்தான். மத்தியானம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைத்தது மஞ்சள் சோளமாவு உப்புமா மட்டும். பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தில் கீரையும் முருங்கையும் போட்டால் உப்புமாவோடு தினம் ஒரு கரண்டி கீரை வைக்கலாம், கண் தெளியும் என்று அவர் துடியாகத் துடித்தார்.

நிலம் பள்ளி மேனேஜர் கவுண்டருடையது. அவர் அதில் தென்னம்பிள்ளை வைப்பதாக இருந்தார். வாத்தியாரின் நச்சரிப்புத் தாங்காமல் கடைசியில் ஒரு பேச்சுக்கு இறங்கி வந்தார்.

"உங்க சத்துச் சாப்பாட்ட சனம் திங்குதான்னு பாக்கலாமுங்க. வார்ஷிகத்துக்கு ஒரு கடை போடுங்க. கூட்டம் முடியறதுக்குள்ள சட்டி காலியாச்சுன்னா எடம் உங்களுக்கு. இல்லீன்னா தென்னம்புள்ளைக்குக் குழி எடுத்துப்போடுவேன்."

ஆண்டு விழாவுக்கு அங்கே வார்ஷிகம் என்று பெயர். அன்றிலிருந்து வாத்தியார் தூங்கினாரோ இல்லையோ, எங்களைத் தூங்கவிடவில்லை. ராகிக்களி, கீரைக் கடைசல், கொள்ளு ரசம் என்று முடிவானது. தினமும் ஸ்டாஃப் ரூமில் ஒத்திகை. வெட்டிய நகத்தைக் காட்டினால்தான் களி கிடைக்கும். ஹெட்மாஸ்டர் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், களியைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்.

"ஓய், வார்ஷிகத்துக்கு வரவா களி தின்னுவாளா? பேசாம ரெண்டு போண்டா போடுங்கோ."

"போண்டா குடல அடைக்குமுங்க சார்."

"அடைக்கட்டும். ஒரு நாள்தானே."

வாத்தியார் கேட்டால்தானே. கடைக்கு முன்னால் தொங்கவிட, லேபிலிருந்து எலும்புக்கூட்டுப் படத்தைக் கொண்டுவந்தார். அதன் கழுத்தில் ஓர் அட்டை: "இவர் பலகாரம் மட்டும் தின்றவர்." பக்கத்தில் இன்னொரு அட்டை, மலச்சிக்கல் பற்றி. அதை எழுதிக் கொடுத்தது என் அழகான கையெழுத்து. சாப்பாட்டுக் கடைக்கு இப்படி விளம்பரம் செய்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வார்ஷிகத்தன்று ஊரே பட்டும் சலவை வேட்டியுமாக வந்தது. பக்கத்தில் நேந்திரம்பழ பஜ்ஜி போடும் பழம்பொரிக் கடையில் தள்ளுமுள்ளு. எங்கள் கடைக்கு முன்னால் வந்தவர்கள் எலும்புக்கூட்டைப் பார்த்தார்கள், களியைப் பார்த்தார்கள், நகர்ந்துவிட்டார்கள். ஈஸ்வரியின் அம்மா மட்டும் கொஞ்சம் நின்றாள். வாத்தியார் ஆசையோடு ஓர் உருண்டையை எடுத்து நீட்டினார்.

"வேண்டாமுங்க. ஊட்ல தினமும் இதத்தானுங்க திங்கறோம். விசேசத்துல நாலு சனம் பாக்கறப்பத் தின்னா, நெல்லுச்சோத்துக்கு வழியில்லைன்னு பேச மாட்டாங்களா?"

அவள் போய்விட்டாள். கொள்ளு மெல்லாமல் அவர் வாய் சும்மா இருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாள் குழி எடுக்க ஆள் வந்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் கடையின் பின்பக்கம் கட்டியிருந்த சாக்கு அசைந்தது. ஈஸ்வரியின் அம்மாதான். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"வாசம் விட மாட்டேங்குதுங்க. ஒரு உருண்டை இப்பிடிக்காக் குடுங்க. சொல்லிப்போடாதீங்க."

அவள் தின்று முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர் சாக்கைத் தூக்கினார்கள். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"டீச்சரம்மா, பெஞ்சப் புடிங்க. கடையத் திருப்பிப்போடலாம்."

திருப்பினோம். முன்பக்கத்தைச் சாக்கால் மறைத்து எலும்புக்கூட்டைக் காவலுக்கு விட்டோம். கடையின் வாய் இப்போது அந்தச் சும்மா கிடந்த நிலத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. இருட்டுக் கட்டும் நேரம். பட்டுச்சேலைகளும் சலவை வேட்டிகளும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி சுவரோரமாக வந்து, குத்தவைத்து, வழித்து வழித்துத் தின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ரசம் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

மேடையில் ஹெட்மாஸ்டர் மைக்கைப் பிடித்து, தலைமை உரைக்கு மேனேஜரைக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். நாற்காலி காலி. தேடிக்கொண்டு அவரே பள்ளிக்குப் பின்னால் வந்து டார்ச்சை அடித்தார். வெளிச்சம் போய் நின்ற இடத்தில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கவுண்டர் குந்தியிருந்தார். கையில் களி, மீசையில் கீரை.

"அது வந்துங்க சார், சட்டி காலியாச்சான்னு பாக்க வந்தனுங்க."

"இன்னும் ஒரே உருண்டை கெடக்குதுங்க" என்றார் வாத்தியார்.

கவுண்டர் சட்டியைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். பிறகு இலையை நீட்டினார்.

"கடைசலக் கொஞ்சம் கூட ஊத்துங்க."

அந்த நிலத்தில் கீரை தழைத்தது. அடுத்த மழைக்காலம் முடிந்த ஒரு சாயங்காலம், யார் கையையும் பிடிக்காமல் ஈஸ்வரி வரப்பில் ஓடினாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் ஜன்னலில் தொங்கிய ஈரத்துண்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கன்னத்தில் ஒரு கொள்ளு முளை ஒட்டிக்கொண்டது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில் ராகிக்களிக்கென்றே தனிக் கடை, முன்வாசலிலேயே, விளக்கெல்லாம் போட்டு. எல்லோரும் நின்று பெருமையாகத் தின்கிறார்கள். நான் மட்டும் இலையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறேன். அங்கே யாராவது என் வயிற்றைப் பற்றி விசாரிக்க மாட்டார்களா என்று இருக்கிறது.