பவர் சப்ளை பார்க்கும் படலம்

வாசகர்களே, கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் ஒரு வகை. கம்ப்யூட்டருக்குப் பவர் சப்ளை பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் வருவார்கள், வாங்குவார்கள், போவார்கள். இரண்டாம் வகையினர் வருவார்கள். அவ்வளவுதான்.

தைப்பேயின் குவாங்ஹுவா பக்கம், கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருபத்திரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்த இனத்தை மின்படிக்கட்டில் ஏறி வரும்போதே கண்டுகொள்வேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெட்டியின் முன்பக்கம் பக்கமே போகாமல் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் மூக்கை நுழைத்து, பிறகு முலாம்பழம் வாங்குகிறவர் மாதிரி எடை பார்த்து, காதோரம் வைத்து லேசாகக் குலுக்கி, "உள்ள இருக்கிற கெப்பாசிட்டரெல்லாம் ஜப்பான் சரக்குதானே?" என்பார். ஆமாம் என்றால் நம்ப மாட்டார். இல்லை என்றால், "எனக்குத் தெரியும்" என்பார்.

பவர் சப்ளை என்பது என்ன? சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பதமாக்கி உள்ளே இருக்கிற சாமான்களுக்குப் பங்கு போடும் இரும்புப் பெட்டி. மாடுலர் என்றால் வயர்களைக் கழற்றி மாட்டலாம். வேண்டியதை மட்டும் சொருகினால் போதும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஐந்து மாதம் ஆகுமா?

லியேன் போ-சுன் என்ற புவியியல் வாத்தியாருக்கு ஆயிற்று.

அவர் மனைவி மெய்-யுன் கார்ட்டூன் படங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டிருந்தாள். செப்டம்பர் முதல் தேதிக்குள் வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று பழைய கம்பெனி சொல்லியிருந்தது. "நான் பாத்துக்கறேன்" என்றார் வாத்தியார். மார்ச் மாதத்தில் ஒரே பிற்பகலில் மற்ற சாமான்கள் அத்தனையும் வாங்கிப் போனார். பாக்கி பவர் சப்ளை மட்டும்.

ஏப்ரலில், அறுநூற்றைம்பது வாட் போதுமா என்று கவலை. மே மாதத்தில், எல்லா வயரும் கழல வேண்டுமா, பாதி கழன்றால் போதாதா என்று தத்துவ விசாரம். பிறகு, "ஜூன்ல கண்காட்சி இருக்கே, புது மாடல் வருமே!" வந்தது. "இப்பத்தானே வந்திருக்கு? மொதல்ல மத்தவன் வாங்கிப் பாக்கட்டும்."

தான் வாங்காதது போதாதென்று, வாங்க வந்தவர்களையும் விடவில்லை. என் கல்லா ஓரம் நின்று பிரசங்கம்: "ஒரு கம்பெனி வயரை இன்னொரு கம்பெனி பெட்டில மாட்டிடாதீங்க! முனை ஒரே மாதிரிதான் இருக்கும், உள்ள கரண்ட் போற வழி வேற. எரிஞ்சு போயிடும்!" சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கேட்ட டாக்சிக்காரர் ஒருவர் பயந்துபோய் ஒன்றும் வாங்காமலே போய்விட்டார்.

ஆகஸ்ட் கடைசியில், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, மீதிச் சாமான்களைத் தள்ளுவண்டியில் இழுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள்.

"அக்கா, நான் லியேன் வாத்தியார் வீட்டுக்காரி. சனிக்கிழமை தவறாம இங்க வந்துடறாரே, வேற யாராவது இருக்காளோன்னு பாக்க வந்தேன்."

"இருக்காங்கம்மா. அதோ, அலமாரியில பதினாறு பேரு."

அவள் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் ஒண்ணாந் தேதி. இந்தச் சாமானுக்கு எது சரியா வரும்?"

எல்லா வயரும் கழலும் எழுநூற்றைம்பது வாட் பெட்டி ஒன்றைக் காட்டினேன்.

"எத்தனை வருஷம் கேரண்டி?"

"பத்து."

"இவளுக்கு அப்பப் பதினொண்ணு ஆயிடும். போதும், குடுங்க."

நாலு நிமிஷம். அதிலும் இரண்டு நிமிஷம், இறக்கிவிட்ட குழந்தையின் வாயிலிருந்து பெட்டியின் மூலையைப் பிடுங்குவதில் போயிற்று. நான் சொல்லச் சொல்ல அவளே பூட்டினாள். ஓடியது. எங்கள் ஊர் வழக்கப்படி, மிஷின் மக்கர் பண்ணாமல் இருக்கப் பச்சைப் பொட்டலத் தின்பண்டம் ஒன்றை அதன் தலையில் வைத்து அனுப்பினேன். காலாவதியானால் பலிக்காது என்பார்கள்.

வீட்டில் வாத்தியார் குனிந்து காது வைத்துக் கேட்டாராம். "சத்தமே இல்லையே?"

"நல்லதுதானே?"

"கொஞ்சமாவது வரணும். இது எதையோ மறைக்குது."

மெய்-யுன் ஒண்ணாந் தேதி வேலையில் சேர்ந்தாள். யாராயிருந்தாலும் இத்தோடு விட்டிருப்பார்கள். ஆனால், தன்னைக் கேட்காமல் ஒரு காரியம் நன்றாக நடந்துவிட்டதை இந்த இனத்தால் தாங்க முடியுமா? அவள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன சனிக்கிழமை, எங்கிருந்தோ தருவித்த வெள்ளைப் பின்னல் வயர்களைக் கொண்டுவந்தார். வேறு கம்பெனி வயர்கள். முனை ஒரே மாதிரிதான் இருந்தது. பிரசங்கம் ஊருக்குத்தானே? சொருகினார், சுவிட்சைப் போட்டார்.

டப்.

கம்ப்யூட்டரின் சேமிப்பு வட்டு எரிந்தது. அதில் இருந்தது மெய்-யுன்னின் மூன்று நாள் வேலை. திங்கட்கிழமை மதியம் கொடுக்க வேண்டிய நாற்பத்தொரு படங்கள்.

வீடு திரும்பியவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அந்தப் பச்சைப் பொட்டலத்துல தேதி பாரு, காலாவதி ஆயிருக்கு."

 மெய்-யுன் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு என் கடைக்கு வந்து புது வட்டு வாங்கிப் போனாள். பழைய வயர்களை மாட்டினாள். அன்று ராத்திரி தொடங்கி ஞாயிறு முழுவதும் தலை நிமிராமல் தீட்டினாள். அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சினார், துணி மடித்தார். திங்கள் பதினொன்றரைக்குப் படங்கள் போய்ச் சேர்ந்தன.

அன்று மாலை வாத்தியார் அந்த வெள்ளை வயர்களை என் மேஜையில் வைத்தார்.

"முதலாளியம்மா, இதை யாருக்கும் குடுத்துடாதீங்க." வயர் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ என்னைத் திட்டவே இல்ல. திட்டியிருந்தா தேவலைன்னு இருக்கு."

தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது.

அது மூன்று நாள் நீடித்தது. வியாழக்கிழமை மறுபடி வந்து நின்றார். "திடீர்னு கரண்ட் போனா அவ வேலை அழிஞ்சுடக் கூடாதில்ல? பேட்டரிப் பெட்டி ஒண்ணு... சும்மா விசாரிக்கத்தான்."

உடனே மெய்-யுன்னுக்குப் போன் போட்டேன். "அக்கா, கைக்கு எது வருதோ அதை அவர் கையில திணிச்சு வெளிய தள்ளிடுங்க!"

தள்ளினேன்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். மெய்-யுன் வாங்கியது எந்தக் கம்பெனிப் பெட்டி என்று நான் சொல்லவேயில்லை. அது என்னவாக இருக்கும் என்று உங்கள் மனசு ஓரமாக அரித்துக்கொண்டே இருந்ததா? கடை காலை பத்து மணிக்குத் திறக்கும். வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.