கட்டுச்சோற்று நாளில் போன கடைவாய்ப்பல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஓர் உயிரியல் டீச்சர். மலையாள மண்ணில், சித்தூர்ப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில், வருடா வருடம் பல்லைக் கரும்பலகையில் குறுக்காக வெட்டிப் படம் போட்டு, எனாமல், டென்டின், பற்கூழ் என்று அம்புக்குறி இழுக்கிறவள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளை மூன்று தடவை சொல்லவும் வைப்பேன். அப்படிச் சொன்ன என் வாய்க்குள் முப்பது வயது வரைக்கும் எந்தப் பல் டாக்டரின் விரலும் நுழைந்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

ஆறு வருடத்துக்கு முன்னால், நான் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது, வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்தது. முதலில் சும்மா ஒரு கூச்சம். அப்புறம் காப்பி குடித்தால் சுரீர். ஆறாம் மாதம் வந்தபோது தண்ணீர் பட்டாலே காதுவரைக்கும் இழுத்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பல்வலியை அந்தப் பட்டியலில் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் கவனித்துவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்றார். ஊசி, கொறடு, எக்ஸ்ரே எல்லாம் ஒரு நொடியில் என் கண்முன் வந்து போயின. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமே என்ற பயம் பாதி. எனக்கு வலிக்குமே என்ற பயம் மீதி. (உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் முக்கால்வாசி.) ஆனால் ஒரு டீச்சர் 'பயமாக இருக்கிறது' என்று சொல்வாளா? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அத்தை ஒத்துக்கமாட்டாங்க."

அத்தை என்றால் என் மாமியார். அவரிடம் இதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஆதாரம் இருப்பதாக நினைத்தேன். பெண்டாட்டி மாசமாக இருக்கையில் புருஷன் முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. இவரும் மூன்று மாதமாகத் தாடியோடுதான் திரிந்தார். மகன் மயிரையே வெட்டவிடாத அம்மா, மருமகள் பல்லைப் பிடுங்க விடுவாரா? விஷயம் அதோடு முடிந்தது. இவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மாதாமாதம் பார்க்கிற கர்ப்பகால டாக்டரம்மா, பல்லில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று பல் தெரியச் சிரித்தேன். இடது பக்கம் மட்டும். வீட்டுக்கு வந்து கிராம்பை நசுக்கிப் பல்லில் வைத்தேன். ஒன்று வைத்தால் சரியாகும் என்றால் நான்கு வைத்தால் சீக்கிரம் சரியாகும் என்பது என் விஞ்ஞானம். ஈறு வெந்து, பல்வலியோடு வாய்ப்புண்ணும் சேர்ந்தது.

ஏழாம் மாதம் கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்தார்கள். அம்மா வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து, விருந்து போட்டு, வளையல் அடுக்கி, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிற நாள். எனக்கு அம்மா ஊர் கோபாலபுரம் எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம். அன்று காலையில் எழுந்தபோதே வலது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் மாசமான பூரிப்பு என்றார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு என்று இலையில் வைக்க வைக்க எனக்கு உயிர் போனது. எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டே ஆக வேண்டும். மென்றால் வலிக்கும் என்று அப்படி அப்படியே விழுங்கினேன்.

அதற்கு முன்பே காலையில் ஒரு காரியம் செய்திருந்தேன். மாமனாரின் முதுகுவலி மாத்திரை அட்டை ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. யாரும் பார்க்காதபோது ஒன்றைப் போட்டேன். வலி குறைந்தது. விருந்து முடிந்ததும் இன்னொன்று. அப்புறம்தான் டீச்சருக்குப் புத்தி வந்து, அந்தப் பெயரைப் போனில் தட்டிப் பார்த்தேன். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சாப்பிடவே கூடாது என்று போட்டிருந்தது. குழந்தையின் இதயம், சிறுநீரகம் என்று அதற்குக் கீழே என்னென்னவோ.

என் பிள்ளை நான் சாப்பிட்ட பத்து நிமிடத்தில் உதைக்கிற பிள்ளை. அன்று இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையலோடு உட்கார்ந்து காத்திருந்தேன். அரை மணி ஆனது. ஒரு மணி ஆனது. வயிற்றில் அசைவே இல்லை.

கட்டுச்சோறு முடிந்து கிளம்பும் பெண் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். பிள்ளையோடுதான் திரும்ப வேண்டும். அந்த வழக்கம் எனக்கு வசதியாகப் போனது. யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறினேன். இவர் ஓட்டினார், பின்சீட்டில் அம்மாவும் நானும். வயிற்றில் கையை வைத்தபடி ஒவ்வொரு தென்னந்தோப்பாக எண்ணினேன். அடுத்த தோப்புக்குள் உதைத்துவிடும், அடுத்த தோப்புக்குள் உதைத்துவிடும் என்று. கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் கார் நின்றது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஏனுங்க, வண்டியத் திருப்புங்க. பாப்பா அசையவே மாட்டீங்குது."

அம்மா, கட்டுச்சோறு முடிந்தபின் திரும்பக் கூடாது என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாத்திரை, பல், கிராம்பு எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். இவர் ஹாரனை அடித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சித்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினார். கரகரவென்று வெறும் இரைச்சல். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். நான் கும்பிடாத சாமி இல்லை. அப்புறம் கேட்டது, டபடபவென்று, குதிரை ஓடுகிற மாதிரி. நானும் அம்மாவும் ஒன்றாக அழுதோம். ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, குழந்தை தூங்குகிறது, நல்ல வேளை இரண்டோடு நிறுத்தினாய் என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் மலையாளத்தில் திட்டினார். எனக்கு மலையாளம் நன்றாகவே தெரியும் என்பது அன்று ஒரு குறை. பல் சிகிச்சை பிள்ளையை ஒன்றும் செய்யாது, சீழோடு வைத்திருப்பதுதான் ஆபத்து என்று சொல்லி மாடிக்கு அனுப்பினார்.

மாடியில் இருந்த பல் டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண், மலையாளி. வலது இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, இடது பக்கம் லேசாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். வாயைப் பார்த்தார். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் அடைத்திருக்கலாம், இப்போது எடுக்கத்தான் வேண்டும் என்றார். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, "பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். வலிச்சா இடது கையைத் தூக்கினா மதி, நான் நிறுத்துவேன் கேட்டோ" என்றார்.

கொறடு கிட்டே வந்தது. என் கை நடுங்கியது. இரண்டு டஜன் வளையலும் கலகலவென்றது. அவர் உடனே நிறுத்தினார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி குனிந்தார். மறுபடி கலகல. எட்டுத் தடவை இப்படி. வளையலைக் கழற்றலாமா என்று கேட்டார். பிரசவம் வரைக்கும் கழற்றக் கூடாது என்று அம்மா குறுக்கே வந்தார். இதுதான் சமயம் என்று நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மரத்துப்போன வாயோடு, எச்சில் வழிய, என் பழைய ஆயுதத்தை எடுத்தேன்.

"வேண்டாங்க டாக்டர். அத்தை ஒத்துக்கமாட்டாங்க. பல்லப் புடுங்கினா எங்கூட்டுல என்னையச் சேத்தவே மாட்டாங்க."

டாக்டர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். இவர் போன் செய்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஆட்டோவில், விருந்துக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு அத்தை வந்து வாசலில் நின்றார்.

அந்த நாற்காலி அப்படியே என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

அத்தை மெதுவாகத்தான் கேட்டார். "நா எப்பக் கண்ணு வேண்டான்னேன்?"

நான் இவர் தாடியைக் காட்டினேன். வேறென்ன செய்ய? அத்தை மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"அது அவன் சோம்பேறித்தனம். நாஞ் சொன்னேன்னு உன்ற கிட்டச் சொன்னானாக்கும்? இவன் வயித்துல இருக்கறப்ப இதே சித்தூருல ரெண்டு பல்லப் புடுங்கிட்டு வந்து, மக்யா நாளே நாத்து நட்டேன் நானு."

என் வீட்டுக்காரர் சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தை மிகுந்த ஆர்வத்தோடு படிக்க ஆரம்பித்தார். (அதுவரை அவரை நான் அப்பாவி என்று நினைத்திருந்தேன்.) அத்தை என் பக்கத்தில் வந்து, அம்மா தடுக்கத் தடுக்க, வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் முந்தானையில் போட்டுக்கொண்டார். நாளைக்கு மறுபடி போட்டுக்கொள்ளலாம், கண்ணாடிதானே என்றார். அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நாற்று நட்ட கை. அசைக்க முடியவில்லை.

பல் நான்கு நிமிடத்தில் வந்துவிட்டது. வலிக்கவே இல்லை. அழுத்தம் மட்டும்தான் தெரிந்தது. இதற்காகவா இரண்டு மாதம்! பஞ்சைக் கடித்தபடி படுத்திருந்தபோது வயிற்றில் பொத்தென்று ஓர் உதை விழுந்தது. அத்தை கைமேலேயே விழுந்தது. "ஆச்சு, எந்திரிச்சாச்சு" என்றார் அத்தை. அவர் கண் கலங்கியிருந்தது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது ஒன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் யாருக்கு எந்த வேலை செய்ய மனமில்லை என்றாலும் "அத்தை ஒத்துக்கமாட்டாங்க" என்பதுதான் பதில். மாமனார் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகாமல் இருக்க அதைச் சொல்கிறார். அவருக்கு அத்தையே கிடையாது. மகள் வீட்டுப்பாடத்துக்குச் சொல்கிறாள். விருந்துக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அத்தைதான் இந்தக் கதையை நடித்துக் காட்டுகிறார், என் எச்சில் உட்பட. எட்டுத் தடவை கலகல என்பது இப்போது இருபதாகிவிட்டது.

ஒரே ஒரு இடத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. அன்று ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது, என் கையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே கேட்டார்: "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல கண்ணு?"

அரை மணி நேரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஞ்சைக் கடித்துக்கொண்டு பேசாமல் நடந்தேன். பஞ்சை எடுத்து ஆறு வருடமாகிறது. அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.