திட்டினால்தான் ஓடும் எஞ்சின்

மதிப்புக்குரிய மச்சானுக்கு, உங்கள் தங்கை புருஷன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். என் மானம் மட்டும் படுத்த படுக்கையாக இருக்கிறது.

உங்கள் மருமகள், அதாவது என் பெண், ராக்கெட் எஞ்சின் செய்கிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறீர்களாம். பத்திரிகையில்கூட முன்னோடி என்று போட்டுவிட்டார்கள், இந்த மாதிரி எஞ்சினை இதுவரை யாருமே செய்ததில்லையாம். ஏன் செய்யவில்லை என்று என்னைக் கேளுங்கள்: வெடிக்கும். சின்ன வயதில் குக்கர் விசிலைக் கழற்றி ஓட்டையைப் பெரிதாக்கியவள்தானே? அன்று கூரையில் ஒட்டிய கறையை உங்கள் தங்கை இன்னமும் விருந்தாளிகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

எஞ்சின் இரண்டு முறை வெடித்தது. மூன்றாவது முறை பற்றவைக்கப் போகும் நேரத்தில், சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுப் போய்விட்டாளே என்று நான் போன் செய்தேன். அவள் கை வேலையாக இருந்ததால் யாரோ புண்ணியவான் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். எனக்கு என்ன தெரியும்? "ஏண்டி எருமை, ஆகாசத்துல ஓட்டை போடத் தெரியுது, அடுப்படியில இருக்கற டப்பா கண்ணுக்குத் தெரியலையா? கழுத்துக்கு மேல இருக்கறது தலையா, தொப்பி மாட்டற ஆணியா?" என்று பொரிந்து தள்ளினேன். மொத்த அறையும் கேட்டது. எஞ்சின் ஓடிவிட்டது, மச்சான்!

அடுத்த சோதனைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பற்றவே இல்லை. அதிலிருந்து அத்தனை பெரிய படிப்பு படித்தவர்களும் என் திட்டு இல்லாமல் பட்டனைத் தொட மாட்டேன் என்கிறார்கள். பற்றவைக்கும் முன் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள் அல்லவா, அதில் எரிபொருள், குழாய், அப்பா திட்டு என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள். அவளுடைய மேலதிகாரி போன வாரம் கூப்பிட்டு, "சார், போன தடவை சூடு பத்தல, இன்னும் கொஞ்சம் உறைக்கிற மாதிரி திட்டினா நல்லா இருக்கும்" என்கிறார்.

நாளை எஞ்சின் முழு நேரமும் எரிய வேண்டும். நடுவில் அணைந்தால் திட்டத்தையே மூடிவிடுவார்களாம், அவளுடைய பத்து வருட உழைப்பு பழைய இரும்புக் கடைக்குத்தான். எனக்கோ திட்டே வரவில்லை! தூக்கமில்லாமல் கன்னம் ஒட்டிப்போன பெண்ணைப் பார்த்தால் வாயில் கண்ணு, ராஜாத்தி என்றுதான் வருகிறது. உங்கள் தங்கையோ, "என்னைத் திட்டறதுக்கு மட்டும் தங்குதடையில்லாம வருதே, அதுல கொஞ்சம் எடுத்துப் போடுங்களேன்" என்கிறாள்.

ஆகையால் இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பையனோடேயே உடனே புறப்பட்டு வந்து அவளை இந்த வேலையை விடச் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை; மாமா பேச்சைத் தட்டமாட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தரட்டும். சாக்பீஸ் வெடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எதையும் கழற்றாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
வாயடைத்துப்போன உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், அவளே வந்து நின்றாள். "அப்பா, நீங்க சொல்றதுதான் சரி. வேலையை விட்டுடறேன்" என்றாள். எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு! "என்னடி சொன்னே? பத்து வருஷம் ராப்பகலா மாடா உழைச்சிட்டு, கரையேர்ற நேரத்துல ஓடறியா? இதுக்காடி உன்னைப் பெத்தேன்? அந்த எஞ்சினை ஓட்டிட்டுத்தான் இந்த வீட்டுக்குள்ள காலை வைக்கணும்!" என்று தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே முதுகுக்குப் பின்னாலிருந்து போனை எடுத்து, "எல்லாருக்கும் கேட்டுச்சா? நாளைக்கு ஓடிடும்" என்றாள். அந்தப் பக்கம் ஒரே கைதட்டல். மச்சான், நீங்கள் புறப்பட வேண்டாம். வந்து வேலையை விடு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களோ, அடுத்த திட்டு உங்களுக்குத்தான்.