டயர் ஞானியும் ஆடும் நட்டும்

விடிந்ததும் விடியாததுமாக அப்படி ஒரு கூட்டம். இலவசமாக ஏதோ கொடுக்கிறார்கள் என்று ஓடிவிடாதீர்கள். டயர் மாற்ற வந்த கூட்டம் ஐயா! தெருவை அடைத்துக்கொண்டு மின்சார ஸ்கூட்டர்கள். போனைத் தட்டினால் பூட்டும், திறக்கும், பேட்டரிக் கணக்குச் சொல்லும். அதை ஓட்டி வந்த புத்திசாலிகளோ, நூலில் தொங்கும் ஒரு நட்டு என்ன சொல்லுமோ என்று வாயைப் பிளந்து நின்றார்கள்.

நட்டுக்கும் டயர்கடைக்கும் சொந்தக்காரர் டயர் ஞானி.

"பெட்ரோல் வண்டி செத்த வண்டி. கரண்ட் வண்டிக்குள்ள உயிர் ஓடுது. டயர் அதுக்கு ஒத்துவரலைன்னா ஆளையே கவுத்துடும்!"

டயருக்கு மேல் நட்டு வட்டமாகச் சுற்றினால் பொருத்தம், குறுக்கே ஆடினால் ஆகாது. என்ன அதிசயமோ, பொருத்தமான டயர் எப்போதும் அவருடைய உள்ளறையிலேயே கிடைக்கும். விலைதான் இரண்டு மடங்கு.

பக்கத்துத் தெரு நர்சம்மாவின் வண்டியில் பின் டயர் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. அவள் கணவர் ஞானியிடம் ஓடினார். அந்த அளவு டயர் உள்ளறையில் தீர்ந்திருந்தது. நட்டும் சமர்த்தாகக் குறுக்கே ஆடியது.

"இப்ப நேரம் சரியில்ல. பொறு" என்று ஹேண்டிலில் ஒரு கயிறு கட்டி அனுப்பிவிட்டார்.

நேற்றுத் தூறலில் வண்டி வழுக்கியது. பின்சீட்டில் இருந்த மகளுக்கு முழங்கை உரிந்துவிட்டது. இனிமேல் ஸ்கூட்டரில் ஏறவே மாட்டேன் என்று பிள்ளை ஒரே அழுகை.

"கயிறு கட்டினதாலதான் முழங்கையோட போச்சு" என்றார் கணவர்.

"கட்டின கயிறு டயரைப் பிடிச்சுதா, உங்க புத்தியைப் பிடிச்சுதா?" என்றாள் நர்சம்மா.

மாடிவீட்டுத் தையல்காரரும் எதிர்வீட்டுக் கூரியர்காரரும் நேற்றுத்தான் ஞானியிடம் டயர் வாங்கி, மாட்டாமல் வைத்திருந்தார்கள். நர்சம்மா இரவல் கேட்டாள். ஊசி போடுகிறவள் கேட்டால் யார் மறுப்பார்? டயர்களைத் தனித்தனிச் சாக்கில் கட்டிக் கணவர் தலையில் ஏற்றினாள். டயர் கொடுத்த இருவரும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தார்கள்.

"சாமி, ரெண்டு டயர் கிடைச்சுது. எது பொருந்தும்னு பாருங்க."

"சாக்கை அவுத்துக் காட்டும்மா."

"டயர்ல இருக்கிற எழுத்தை நான் பார்க்க மாட்டேன், நட்டு பார்க்கும்னு நீங்கதானே சொல்வீங்க?"

கூட்டம் தலையாட்டியது. ஞானிக்கு வேறு வழியில்லை. வெளிக்கடைச் சரக்கு என்று அவரே முடிவுகட்டிவிட்டார். நட்டு குறுக்கே ஆடியது.

"ஐயய்யோ! எந்த வண்டியில மாட்டினாலும் இது வளைவுல தள்ளிவிடும். அது பேட்டரியைக் குடிச்சிடும். ரெண்டையும் வாசல்ல வைக்காதே, தூக்கிட்டுப் போ!"

நர்சம்மா சாக்குகளை அவிழ்த்தாள். இரண்டு டயரிலும் மஞ்சள் பெயின்டில் பளபளவென்று எழுதியிருந்தது: 'ஞானி பார்த்தது.'

"அடப்பாவி, அது என் டயர்!" தையல்காரர் அலறினார்.

"என் வண்டிக்குன்னே பிறந்ததுன்னு நேத்துத்தானேய்யா சொன்னே!" கூரியர்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சாக்கு... சாக்கு தடுத்துடுச்சு" என்றார் ஞானி.

"அப்போ நட்டு உங்க கண்ணு பார்த்துத்தான் ஆடுதா?" என்று கேட்டாள் நர்சம்மா.

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஞானி உள்ளறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

நர்சம்மா கணவரை அடுத்த தெரு டயர்கடைக்கு இழுத்துப் போனாள். "டயர் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கு, படிங்க. அளவு, தாங்கற எடை, செஞ்ச வருஷம். பேட்டரியோட வண்டி கனம் ஜாஸ்தி, சட்டுனு வேற இழுக்கும். அதைத் தாங்கணும், ஈரத்துல பிடிக்கணும். அவ்வளவுதான்." அவர் குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

சாயங்காலம் மகள் புது டயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் ஏறி உட்கார்ந்து, அம்மாவின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்தில் இருந்த ஒருவர் மட்டும் ஞானி கடை வாசலை விட்டு நகரவில்லை. "அந்த நட்டையாவது விலைக்குத் தருவாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அட மகராசர்களே! பின்சீட்டில் உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளை. அதற்காகவாவது ஒரு தரம் யோசித்துத் தொலையுங்களேன்!