புன்னைமுனையில் உட்காராதவன்

"இரிங்க தம்பி" என்று விதானையார் சொன்னதும் நல்லரத்தினம் ஓரடி பின்வாங்கினான்.

ஊர்த் தலைமைக்காரரான விதானையார் விநாயகமூர்த்தியின் கக்கத்தில் சிவப்பு விளிம்பு வைத்த புதுப் பாய் ஒன்று இருந்தது. அதை அவர் விரிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டு நல்லரத்தினத்தின் முகத்தையே பார்த்தார்.

"வேண்டாம், நான் நிக்கிறன்."

"களைச்சு வந்திரிக்கிங்க. கொஞ்சம் எண்டாலும்..."

"நிண்டு பழக்கம்."

விதானையாரின் கண்கள் கலங்கிவிட்டன. பாயைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று உள்ளே போனார். மனுசனுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை என்று நல்லரத்தினம் நினைத்துக்கொண்டான்.

மட்டக்களப்பார் மந்திரக்காரர், வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மகனை எச்சரிக்காத தாய் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் இல்லை. நல்லரத்தினத்தின் தாய் அதைக் கிழமைக்கு ஒரு கடிதத்தில் எழுதினாள். மட்டக்களப்புப் புளியந்தீவுக் கந்தோரில் கிளாக்கராக வந்து எட்டு மாதம். எட்டு மாதமும் அவன் வெறும் மர வாங்கில்தான் படுத்தான். முதுகு போனாலும் பரவாயில்லை.

வருகிற புதன்கிழமை சங்கானையில் அவனுக்குக் கல்யாணம். நாளைக் காலை ரயில். பெட்டியும் கட்டியாயிற்று. இதற்கிடையில், நாலு நாளைக்கு முன், தலைமைக் கிளாக்கர் ஒரு வேலையைத் தலையில் கட்டினார்; விதானையாருக்கும் அன்றே ஆள் அனுப்பினார். ரயிலில் வரும் துரைமார் போய்ப் பார்க்கத்தக்க வடிவான பழைய ஊர்களைப் பற்றி ஒரு புத்தகம் அச்சாகிறதாம். வாவிக்கு அந்தப் பக்கம் புன்னைமுனை என்று ஓர் ஊர். பார்த்து ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வா, ஒரு நாள் வேலைதானே என்றார்.

காத்தான்குடி உசனாரின் தோணி காலையில் அவனை இறக்கிவிட்டது. "மூணு மணிக்கு வருவன். துறையில நில்லுங்க. ஆள் இல்லாட்டி நான் போயிருவன்" என்று சொல்லிப் போனார் உசனார். அவர் சிரித்த சிரிப்பும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஊர் வடிவாகத்தான் இருந்தது. அதுதான் பயம். புன்னைப் பூக்கள் மணலில் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தன; அவற்றின் மேல் ஒரு காலடி கூட இல்லை. காற்றில்லை. வாவி அசையவில்லை. ஒரு நாய் அவனைப் பார்த்தது, குரைக்காமல் போய்விட்டது. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ முனகுவதுபோல ஓர் ஒலி வந்துகொண்டிருந்தது. இந்த வாவியில் மீன் பாடும், ஆனால் பகலில் கேட்காது என்பார்கள். அவனுக்குக் கேட்டது.

"என்னத்த எழுதப் போறிங்க தம்பி?" என்று பாயை உள்ளே வைத்துவிட்டு வந்த விதானையார் மெதுவாகக் கேட்டார்.

"ஊர் நல்ல வடிவு எண்டு..."

"ஐயோ, வேணாம்!" என்று பதறினார் அவர். "நுளம்புக் கடி கூட எண்டு எழுதுங்க. முதலை கிடக்கு எண்டு எழுதுங்க. போன கிழமையும் ஒரு ஆளப் புடிச்ச எண்டு போடுங்க."

"பிடிச்சதோ?"

"இல்ல. ஆனா எழுதுங்க."

நல்லரத்தினம் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிற மனிதர் காலடி படாமல் ஊரை மறைத்து வைத்திருக்கிறார்கள். ஏன்?

கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போக வண்டி கட்டி நின்றது. வண்டிக்குள் எட்டிப் பார்த்தான்: பாய். "நடப்பம்" என்றான். சப்பாத்தை வீட்டுப் படியடியில் கழற்றிவிட்டு, முழங்கால் சேற்றில் வயல் வட்டையை ஊடறுத்து ஒரு மைல் நடந்தான். விதானையார் உற்சாகமாகப் பின்னால் வந்தார்.

கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் ஏற்கெனவே காத்திருந்தார். ஒன்றும் கேட்காமல் அவனைச் சுற்றி மூன்று தரம் வந்தார். வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை தடவி வாவிப் பக்கமாக உதறினார். காலடியில் தேசிக்காய் வெட்டினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அந்த முணுமுணுப்புக்குள் "நல்லரத்தினம்" என்ற சொல் தெளிவாகக் கேட்டது.

"என்ர பேர் இவருக்கு எப்பிடித் தெரியும்?"

"நாந்தான் நாலு நாளைக்கு முந்திச் சொல்லி வெச்சன்" என்றார் விதானையார்.

திரும்பி வந்தபோது சப்பாத்துகள் இடம் மாறியிருந்தன. வீட்டைப் பார்த்துக் கழற்றியவை இப்போது வாவியைப் பார்த்து நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் பாதித் தேசிக்காய். நல்லரத்தினம் வாய்க்குள் தேவாரம் சொல்லத் தொடங்கினான்.

அப்போதுதான் வீட்டோடு சேர்ந்த ஓலைக் கொட்டகையான மாலுக்குள் கண் போயிற்று. மூன்று பாய்கள். மூன்று பாயிலும் மூன்று மனிதர் மல்லாந்து கிடந்தார்கள். உடம்பு அசையவில்லை. கண்கள் மட்டும் அவன் பக்கம் திரும்பின.

"ஆர் நீங்கள்?" என்று வாசலுக்கு வெளியே நின்றபடியே கேட்டான்.

"நான் மானிப்பாய்" என்றார் முதலாமவர்.

"நான் கோப்பாய்" என்றார் இரண்டாமவர்.

மூன்றாமவர் யோசித்தார். "எனக்கு மறந்து போச்சு."

"எப்ப வந்தனீங்கள்?"

"ஒரு நாள் வேலையாய் வந்தனான். இப்ப பதினாலு வருஷம்" என்றார் மானிப்பாய்க்காரர்.

"எழும்பேலாதோ?"

"எழும்பேலாது தம்பி" என்று அவர் பெருமூச்சு விட்டார்.

விதானையாரின் மனைவி அன்னப்பூரணி பெரிய சட்டி நிறையத் தயிர் கொண்டுவந்து மூவருக்கும் நடுவில் வைத்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பின்னால், கதவிடுக்கில், ஓர் இளம் பெண்ணின் பெரிய கண்கள் இரண்டு தெரிந்தன.

"கண்ணகை! உள்ளுக்குப் போ புள்ள!" என்று விதானையார் கத்தினார். கதவை இழுத்து வெளியே பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டார்.

நல்லரத்தினம் வெளியே பாய்ந்தான். துறையில் தோணி இல்லை. மணி இரண்டுதான். காலை முதல் நின்றதும் நடந்ததும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காததும் சேர்ந்து கால் இரண்டும் பின்னின. விழுந்தால் தூக்கிப் பாயில் போட்டுவிடுவார்கள். அந்த நேரம் கரையில் கவிழ்த்து வைத்த தோணி ஒன்று கண்ணில் பட்டது. பாய் இல்லை, மெத்தை இல்லை, வெறும் மரம். அம்மாளாச்சி கண் திறந்துவிட்டாள் என்று அதில் தொப்பென்று உட்கார்ந்தான். என்ன சுகம்! கண்ணை மூடி, புதன்கிழமைத் தாலிகட்டைக்கூட ஒருமுறை நினைத்துப் பார்த்தான்.

மூன்று மணிக்கு உசனாரின் தோணி தூரத்தில் தெரிந்தது. நல்லரத்தினம் எழும்பினான். அதாவது, எழும்பப் பார்த்தான்.

அந்தத் தோணிக்குக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அன்று காலைதான் பூசியிருந்தார்கள்.

"ஐயோ! ஒட்டிப்போட்டுது! என்னை ஒட்டிப்போட்டாங்கள்!"

வீடே திரண்டு வந்தது. அவனைவிடப் பெரிதாகக் கத்தியவர் விதானையார்தான். "ஒட்டிற்றாரே! தாயே, இவரும் ஒட்டிற்றாரே!" என்று மார்பில் அடித்துக்கொண்டார். அன்னப்பூரணி மணலில் விழுந்து அம்மனைக் கூப்பிட்டாள். மாலுக்குள்ளிருந்து கோப்பாய்க்காரரின் குரல் ஆறுதலாக வந்தது. "அவசரப்படாதேங்கோ. இஞ்சை இன்னும் ஒரு பாய்க்கு இடமிருக்கு."

அதைக் கேட்டதும் விதானையாருக்கு எங்கிருந்துதான் பலம் வந்ததோ. இரண்டு கையாலும் நல்லரத்தினத்தைக் கக்கத்தில் பிடித்து ஓர் இழுவை இழுத்தார். ஆள் வந்தான். வேட்டி வரவில்லை.

விதானையார் ஓடிப்போய் அந்தச் சிவப்பு விளிம்புப் பாயையே கொண்டுவந்து அவன் இடுப்பில் சுற்றிக் கயிற்றால் கட்டினார். எந்தப் பாய்க்குப் பயந்து காலை முழுக்க நின்றானோ அதே பாய். நல்லரத்தினத்துக்கு அழுகை வந்துவிட்டது.

"திருப்பித் தர வேணாம் தம்பி. அதுக்காண்டி நீங்க வரவே வேணாம்" என்று சொல்லி, அவனைத் தூக்காத குறையாகத் தோணியில் ஏற்றித் தள்ளிவிட்டார். கோயிலிலிருந்து ஓடிவந்த கட்டாடியார் அவன் போன திசையில் கடைசித் தேசிக்காயை எறிந்தார்.

கரை தூரமாகும்வரை நல்லரத்தினம் மூச்சு விடவில்லை. பிறகு பாயைத் தொட்டுப் பார்த்தான். கழன்றது. திரும்பக் கட்டிக்கொண்டு பெரிதாகச் சிரித்தான். ரயில், சங்கானை, புதன்கிழமை எல்லாம் அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன.

"உசனார் காக்கா, மூண்டு பேரை ஒட்டவைச்ச மந்திரம், என்னட்டைப் பலிக்கேல்லைப் பாத்தியளோ!"

உசனார் கோல் ஊன்றுவதை நிறுத்திவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒட்டவைக்கவா? விதானையாருக்கு ஒங்கட ஊரு மருமகன்மார் மூணு பேரு, ஒரு மந்திரமும் இல்லாம வந்து குந்தினவங்க, இன்னும் எழும்பல்ல. மிச்சமிரிக்கிற ஒரு மகளயும் கட்டி நீங்களும் குந்திரப்படாதே எண்டுதான் தம்பி, அந்த மனிசன் நாலு நாளா விரதம் புடிக்கார்!"