மௌனம் கனியும்வரை

இரண்டாம் பக்கத்தின் கடைசி அடியை அடித்துவிட்டு, குச்சிகளை அந்தரத்தில் நிறுத்தி அவள் மூச்சைப் பிடித்திருந்த வேளையில், காலடியில் தரை அதிர்ந்தது. டொக், டொக். கீழ்வீட்டுக்காரர் தம் வீட்டு உள்கூரையைத் துடைப்பக்கட்டையால் இடிக்கிறார்.

"துடைப்பத்தார் ஆரம்பிச்சுட்டார்," என்றான் கணவன். அவன் சோபா தைப்பவன். வீட்டிலும் ஊசியும் நூலுமாகவே உட்கார்ந்திருப்பான்.

அவள் தாளவாத்தியக் கலைஞர். பக்கவாத்தியம் என்று எதுவும் இல்லை. ஒரு பெரிய முரசு, நான்கு மண்தொட்டிகள், ஐந்து மரக்கட்டைகள், பழைய லாரியின் பிரேக் டிரம் ஒன்று. இவற்றின் நடுவே தனியாக நின்று இருபது நிமிடம் வாசிக்க வேண்டிய நவீனப் படைப்பு அது. இசையரங்கில் பார்வையாளர்கள் நடுவே, தேர்வுக்குழு முன் வாசிக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. தேர்வானால் இரண்டாண்டுக்கு அரங்கின் நிலையக் கலைஞர். வயது வரம்பு நாற்பது. அவளுக்கு நாற்பது முடிய இன்னும் ஒரு மாதம்.

சிக்கல் அடிகளில் இல்லை. நடுவே வரும் மௌனத்தில் இருந்தது. எத்தனை விநாடி என்று இசையமைப்பாளர் எழுதவில்லை. 'மௌனம் கனிந்ததும் தொடங்கவும்' என்று மட்டும் குறித்திருந்தார். அவசரப்பட்டால் காய்; தாமதித்தால் அழுகல்.

"அடிக்கும்போது சும்மா இருக்கார். நிறுத்தினதும் இடிக்கறாரே, ஏன்?" என்று கேட்டாள்.

"வயசானவர். எழுந்து, துடைப்பத்தைத் தேடி, ஸ்டூல் மேல ஏறி... அதுக்குள்ள உன் பக்கம் முடிஞ்சுபோயிடுது."

விளக்கத்தில் குறை எதுவும் தென்படாததால் இருவரும் அதை ஏற்றுக்கொண்டனர்.

மறுநாள் கணவன் கடையிலிருந்து நான்கு அங்குல ஸ்பாஞ்ச் கொண்டுவந்து கருவிகளுக்கு அடியில் விரித்தான். இரண்டு இடி நான்காயிற்று. குச்சிகளின் தலையில் அவள் கம்பளி சுற்றினாள். அதுவரை மௌனத்தில் மட்டும் இடித்தவர், வாசிக்கும்போதும் இடித்தார். தொட்டிகளின்மீது போர்வையைப் போர்த்திய அன்று, இடித்த இடியில் சுவர்க்கடிகாரம் ஆணியிலிருந்து கழன்று விழுந்தது.

"போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு எழுதிப் போட்டார்னா வீட்டையே காலி பண்ணணும்."

கணவன் இறங்கிப் போனான். போன வேகத்தில் திரும்பினான்.

"என்ன சொன்னார்?"

"என்னத்தைச் சொன்னார்? 'சார்'னேன். விரலை உதட்டுல வச்சார். கண்ணை உருட்டினார். கதவைச் சாத்திட்டார். அதுவும் ஒரு சத்தம் இல்லாம சாத்தினார். படார்னு சாத்தற ஆளுக்குக்கூட நான் பயப்பட மாட்டேன்."

இனி ஒரே வழிதான் மிஞ்சியிருந்தது. கடைசி மூன்று நாளுக்குக் கருவிகள் யாவும் கணவனின் கடைக்கு இடம்பெயர்ந்தன. அங்கே யாரும் இடிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது: இரண்டு மாதமாக அவளுடைய மௌனத்தைக் கனியவைத்தது துடைப்பக்கட்டைதான்.

முதல் முறை ஒன்பதாவது விநாடியில் தொடங்கிவிட்டாள். இரண்டாம் முறை, கணவன் ஒரு தலையணை உறையைத் தைத்து முடிக்கும்வரை கையைத் தூக்கியபடியே நின்றாள். மூன்றாம் நாளும் மௌனம் கனியவில்லை.

"நீங்க கொஞ்சம் தட்டுங்களேன்."

அவன் சுத்தியலால் பலகையைத் தட்டினான்.

"அவர் மாதிரி வரலை. அவர் தட்டறதுல ஒரு ஆத்திரம் இருக்கும்."

"எனக்கு உன் மேல ஆத்திரம் வர மாட்டேங்குதே."

"வர வைக்கட்டுமா?"

"வேணாம். வீட்டுல கீழே யாரோ பூனை வளக்கறாங்கபோல, மூணு நாளா அதோட கத்தலைக் கேக்கறதே போதும்."

நிகழ்ச்சியன்று காலை, 'தொல்லைக்கு மன்னிக்கவும்' என்று எழுதிய தாளோடு இரண்டு நுழைவுச்சீட்டுகளைக் கீழ்வீட்டுக் கதவின் அடியில் தள்ளிவிட்டு வந்தாள்.

"தப்பிச்சு வந்த இடத்துக்கும் அவரை நீயே கூப்பிடறியா?"

"முழுசாக் கேட்டா ஒருவேளை மனசு இறங்குவார். இன்னிக்கு நான் தேறலைன்னா இன்னும் எத்தனை வருஷம் அவர் தலைமேலதான் வாசிக்கணுமோ."

அரங்கில் முதல் பாதி பிசகின்றிப் போயிற்று. கடைசி அடி. குச்சிகள் அந்தரத்தில் நின்றன.

மௌனம் வந்தது. முன்வரிசையில் குழுத்தலைவியின் மூக்குக்கண்ணாடி பளபளத்தது. எத்தனை விநாடி ஆயிற்று? காயா, பழமா? யாரோ இருமலை விழுங்கினார்கள். இதோடு முடிந்தது என்று எண்ணிய நொடியில், கடைசி வரிசையிலிருந்து மெல்லிய முனகல் ஒன்று எழுந்தது. அதன் பின்னாலேயே மரத்தரையில்:

டொக், டொக்.

கைகள் அவளைக் கேளாமல் இறங்கின. இரண்டாம் பாதியை அவள் அதுவரை ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் குழுத்தலைவி மேடைக்குப் பின்னால் வந்தார்.

"அந்தத் தட்டலைப் பாக்கறவங்க பக்கத்துல வச்சீங்க பாருங்க. மௌனத்தைக் கலைக்கற உரிமையைக் கேக்கறவங்க கையிலயே குடுத்துட்டீங்க. இத்தனை வருஷத்துல இது யாருக்கும் தோணலை."

"அது எங்க கீழ்வீட்டுக்காரர்," என்று உள்ளதைச் சொன்னாள். கணவன் அவள் காலை மிதித்தது பயனற்றுப்போயிற்று.

"அப்படியா? எவ்வளவு நாள் ஒத்திகை?"

அவள் யோசித்தாள். "ரெண்டு மாசம்."

"தெரியுது. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வந்து சேந்துடுங்க. பயிற்சிக்கு இங்கேயே தனி அறை தருவோம்."

அவர் நகர்ந்ததும், அந்த இடத்தில் துடைப்பத்தார் நின்றிருந்தார். ஒரு கையில் கைத்தடி. மறுகையில் தோளோடு அணைத்த துணிமூட்டை. கணவன் முந்திக்கொண்டு கைகூப்பினான்.

"சார், இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்லை. அவ இங்கதான் வாசிக்கப்போறா. வீட்டுல ஒரு சத்தம் வராது."

துடைப்பத்தார் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரலை உதட்டில் வைத்தார். பிறகு துணியை மெல்ல விலக்கினார். உள்ளே, வாயைப் பிளந்தபடி, ஒரு கைக்குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"அந்தக் காரியத்தை மட்டும் பண்ணிடாதீங்கம்மா," என்று கிசுகிசுத்தார். "மூணு நாளா எங்க வீட்டுல யாரும் கண்ணை மூடலை. நீங்க அடிச்சாத்தான் என் பேரன் தூங்கறான், நிறுத்தினா முழிச்சுக்கறான். அதுக்குத்தானே ரெண்டு மாசமா, 'நிறுத்தாதீங்க'ன்னு தட்டிக்கிட்டிருக்கேன்."