மாமரத்தடியில் ஏறிய சக்தி

யோகா பழகுகிற எல்லோரும் சாந்தமாகிவிடுவதில்லை. சிலர் முன்பு இருந்ததைவிடத் தாங்க முடியாதவர்களாகிவிடுகிறார்கள். இந்த இரண்டாம் வகைக்கு ஆள் தேடி நீங்கள் வெளியூர் போக வேண்டாம். திண்டுக்கல்லில் நான் இருக்கிறேன்.

ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். பரீட்சைத் தாள் திருத்தித் திருத்திக் கழுத்து பிடித்துக்கொண்டதால்தான் யோகா வகுப்புக்கே போனேன். மாஸ்டர் பிரபு என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாளே ஒன்று சொன்னார்: "ஒடம்புக்குச் சுகம் வந்தா வாங்கிக்கங்க. கஷ்டம் வந்தாலும் வாங்கிக்கங்க. எது வந்தாலும் மனசு பதறாம இருக்கணும். அதைத்தான் இங்க பழகப் போறோம்."

இதில் கஷ்டம் என்ற வார்த்தை மட்டும் என் காதில் விழுந்தது. (பாதிக் காதால் பாடம் கேட்பதற்காக எத்தனையோ பிள்ளைகளை வெளியே நிற்க வைத்தவள் நான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

கழுத்துவலி ஒரு மாதத்தில் போய்விட்டது. போன இடத்தில் ஞானம் வந்து உட்கார்ந்துகொண்டது. மெத்தையைச் சுருட்டிப் பரணில் போட்டேன். பங்குனி வெயிலில் மின்விசிறியை அணைத்தேன். பச்சைத்தண்ணீரில் குளிக்கலாமென்றால், அந்த வெயிலில் அது சுகமாக இருந்து தொலைத்தது. அதனால் வெந்நீரில் குளித்தேன். சமையலில் உப்பைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் நிறுத்தியே விட்டேன். இதெல்லாம் எனக்கு மட்டும் என்றிருந்தால் பரவாயில்லை. ஒரே வீட்டில் இரண்டு விதமான ஆன்மிகம் எப்படி நடக்கும் என்று கணவருக்கும் மகளுக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்தேன்.

என் கணவர் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒனக்கு ஞானம் வரட்டும்மா. வெஞ்சனத்துல உப்பு வரட்டும்" என்றார். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வருவது குறைந்தது. அது அவருடைய ஆன்மிக முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் அவர் பேகம்பூரில் பாத்திமாக்காவிடம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாத்திமாக்கா வீட்டிலேயே ஆர்டருக்குப் பிரியாணி செய்து கொடுப்பவர். அடுப்படியில் நின்று நின்று முட்டி தேய்ந்து, எங்கள் யோகா வகுப்பிலேயே வந்து சேர்ந்திருந்தார். கீழே உட்கார முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு, அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். சில நாள் லேசான குறட்டையும் கேட்கும்.

எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் எல்லார் முன்னாலும், "அக்கா, நாற்காலியில உக்காந்தா அதுக்குப் பேரு யோகா இல்ல, பஞ்சாயத்து" என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "எனக்கு எம்புட்டு வருதோ வரட்டும் டீச்சர்" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கோடை விடுமுறையில் நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்பில் தங்கிப் பழகும் முகாம் வந்தது. தோப்புக்கு நடுவே நல்ல கூடம். டைல்ஸ் தரை, ஜமுக்காளம், தலைக்கு மேலே மின்விசிறிகள். காலையில் மாஸ்டர், "ஒரு மணி நேரம் மௌனம். ஒடம்புக்கு எது தோதோ அங்கன உக்காந்துக்கங்க" என்றார். எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்தார்கள். பாத்திமாக்கா நாற்காலியைக் கதவோரம் காற்று வரும் இடமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டார்.

நான் அவர்களை ஒரு பார்வை பார்த்தேன். (அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.) கூடத்தை விட்டு இறங்கிப் போய், எல்லோர் கண்ணிலும் படும்படியான ஒரு மாமரத்தடியில், விரிப்புகூட இல்லாமல் வெறும் மண்ணில் பத்மாசனம் போட்டு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் முதுகுத்தண்டின் அடியில் ஒரு குறுகுறுப்பு. பிறகு ஒரு சுருக். அதைத் தொடர்ந்து எரிச்சல். அது மெல்ல மேலே ஏறியது.

குண்டலினியைப் பற்றிக் கைபேசியில் நிறையப் படித்திருந்தேன். முதுகுத்தண்டின் அடியில் தூங்கும் சக்தி ஒருநாள் விழித்து மேலே ஏறும், சூடாக இருக்கும், ஊசி குத்துவதுபோல இருக்கும் என்று போட்டிருந்தது. எல்லா அறிகுறியும் பொருந்தியது. வருடக்கணக்கில் தவமிருப்பவர்களுக்கே கிடைக்காதது, உப்பை விட்ட சில மாதங்களில் எனக்குக் கிடைத்துவிட்டதே என்று மனம் நெகிழ்ந்தேன்.

சக்தி இடுப்பைத் தாண்டியது. கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. கூடத்துப் பக்கம் சலசலப்பு கேட்டது. மௌனம் அத்தோடு முடிந்தது.

"ஏனுங்க, அங்க பாருங்க. கண்ணுல தண்ணி எப்படி ஊத்துது" என்றது ஒரு குரல். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்த அம்மா.

"என்னாச்சு அந்த டீச்சருக்கு?"

"என்னாகறது. அவங்க வேற நெலைக்குப் போயிட்டாங்க."

காலடிச் சத்தங்கள் கிட்டே வந்தன. கண்ணை நூலளவு திறந்து பார்த்தேன். பாதிக் கூட்டம் என் முன்னால் நின்றது. ஒரு பெண் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் மடியில் கிடந்த என் துப்பட்டாவையும் பார்த்தேன். அதன் மேல் செக்கச்செவேலென்று ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. முசுறு. மா இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. அவற்றின் கூட்டுக்கு நேர் கீழே, அவை போகவர இருக்கும் வழியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

புத்தியுள்ள யாரும் அந்த நொடியே எழுந்திருப்பார்கள். நானோ யோசித்தேன். இத்தனை பேர் முன்னால், வேறு நிலைக்குப் போய்விட்ட ஒருத்தி, எறும்பு கடிக்கிறது என்று எழுந்தால் எப்படி இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒட்டன்சத்திரத்து அம்மா குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

நான் செய்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது? வலது கையைத் தூக்கி அவரை ஆசீர்வதித்தேன்.

கையைத் தூக்கியதும் சுடிதார்க் கை சரிந்தது. முன்னேற வழி தெரியாமல் தோளில் நின்றிருந்த எறும்புக் கூட்டம் அக்குளுக்குள் புகுந்தது. அதற்கு மேல் என்னிடம் ஆன்மிகம் இல்லை. தோப்பே அதிரும்படி அலறிக்கொண்டு எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்ததால் இரண்டு தடவை விழுந்து எழுந்து ஓடி, பம்ப்செட்டுப் பக்கம் இருந்த சிமெண்டுத் தொட்டிக்குள் குதித்தேன். பின்னால் ஒட்டன்சத்திரத்து அம்மா தலையில் தட்டிக்கொண்டே, "ஏனுங்க, எனக்கும் ஏறுதுங்க, எனக்கும் ஏறுதுங்க" என்று சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தார்.

தொட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்த என்னிடம் முதலில் வந்தது பாத்திமாக்கா. முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வெளிய வாங்க டீச்சர். நான் பிடிச்சுக்கிறேன்."

அறைக்குக் கூட்டிப் போய்த் தன் நைட்டியைக் கொடுத்தார். முடிக்குள் மாட்டியிருந்த எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கட்டிலில் மெத்தையைத் தட்டி விரித்து, மின்விசிறியை வேகமாக வைத்தார்.

"மெத்தை வேணாம்க்கா" என்றேன். அந்த நிலையிலும்.

"ஏன், இன்னும் கடிக்கப்படாத எடம் மிச்சம் இருக்கா? குப்புறப் படுங்க."

படுத்தேன். முதுகு முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். காற்று குளுகுளுவென்று வந்தது. மாதக்கணக்கில் நான் விரட்டி வைத்திருந்த சுகமெல்லாம் ஒரே நேரத்தில் வந்து முதுகில் இறங்கியது. எறும்புக்கடியை அத்தனை நேரம் தாங்கியவளுக்கு அந்தக் கையைத் தாங்க முடியவில்லை. நான் கேலி செய்த மனுஷி, ஒரு வார்த்தை சொல்லிக்காட்டாமல் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். எழுந்து ஓடிவிடலாம் என்றால் குதிக்க இன்னொரு தொட்டி இல்லை. தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதேன்.

"அக்கா, அன்னைக்கு நாற்காலியப் பத்திப் பேசினது..."

"அதை எதுக்கு இப்ப? செத்த நேரம் தூங்குங்க."

வாசலில் நின்று மாஸ்டர் தயக்கத்தோடு கூப்பிட்டார். "டீச்சர், எறும்பு கடிச்சா எந்திரிச்சுத் தட்டி விட்டுறலாம். அதுக்கு யோகத்துல எந்தத் தடையும் இல்ல."

மாலையில் கணவர் காரில் வந்து அழைத்துப் போனார். வீடியோ எனக்கு முன்பே திண்டுக்கல் போய்ச் சேர்ந்திருந்தது. வெகுதூரம் ரோட்டையே பார்த்து ஓட்டினார். பிறகு, "அந்தக் கையத் தூக்கினியே, அது எதுக்கு?" என்றார். புளியமர நிழலில் காரை ஓரங்கட்டி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்து முடித்த பிறகுதான் மறுபடி வண்டியை எடுத்தார். அன்றைக்கே மகள் பரணில் ஏறி மெத்தையை இறக்கிவிட்டாள். குழம்பில் உப்பு வந்தது. இரண்டையும் நான் தடுக்கவில்லை.

இப்போதும் வகுப்புக்குப் போகிறேன். தரையில் உட்கார முடிகிற நாளில் தரை, முடியாத நாளில் பாத்திமாக்கா பக்கத்தில் ஒரு நாற்காலி. புதிதாக யாராவது சேர்ந்தால் அக்கா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "நம்ம டீச்சருக்கு ஞானம் வந்துட்டுப் போயிருச்சு." எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவில் எறும்பு வந்தால் அதை எறும்பு என்று யாரும் சொல்வதில்லை. குண்டலினி என்கிறார்கள். உறவினர் வீட்டு விசேஷங்களில் என் கால்பக்கம் குனிகிறவர்கள் ஆசீர்வாதத்துக்காகக் குனிவதில்லை, கையைத் தூக்குகிறேனா என்று பார்க்கத்தான் குனிகிறார்கள்.

மகள் இந்த வருடம் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்தாள். போன வாரம் காலையில் கூப்பிட்டாள்.

"அம்மா, ராத்திரி பூரா முதுகுல சுருக்சுருக்குன்னு சக்தி ஏறுது. கட்டில்ல மூட்டைப்பூச்சின்னு நெனைக்கிறேன். நீ அனுபவசாலி. என்ன செய்யட்டும்?"

"மொதல்ல எந்திரி" என்றேன்.

ஆன்மிகத்தில் நான் கற்றுத் தேர்ந்து, பிறருக்கு உபதேசிக்கும் தகுதி பெற்றிருப்பது இந்த ஒரு பாடத்தில்தான்.